போர்வையின் எடையும் பிள்ளையின் சம்மதமும்

(ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் கூட்டத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உரை தொடங்குமுன், வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதே கேள்வி வந்துவிட்டது. "மேடம், எத்தனை கிலோ வாங்கணும்?" கேட்டவர் ஓர் அப்பா. அவர் கைபேசித் திரையில் சாம்பல் நிறப் போர்வை ஒன்று. அதற்குக் கீழே 3 கிலோ, 5 கிலோ, 7 கிலோ என்று வரிசை. பையனுக்குப் பத்து வயது. ராத்திரி ஒரு மணிக்கு முன்னால் படுக்கைக்கு வர மாட்டானாம், வந்தாலும் நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வானாம். விளம்பரத்தில் இருக்கும் பிள்ளையோ அந்தப் போர்வைக்குள் அயர்ந்து தூங்குகிறது. "காசு பரவாயில்ல மேடம், வெயிட்டை மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

சொல்கிறேன். ஆனால் பேச்சில் பாதி தாண்டட்டும். அதற்கு முன் இந்தப் போர்வை எங்கிருந்து வந்தது, எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பார்த்துவிடுவோம். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். போர்வை எவ்வளவு கனம் என்ற கேள்வி எனக்கு இரண்டாம் பட்சம். வேண்டாம் என்றால் அதை உதறிவிட அந்தப் பிள்ளையால் முடியுமா, உதறினால் நாம் விட்டுவிடுவோமா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

உங்களில் பலர் வீட்டில் இது நடக்கும். பிள்ளையைக் காணோமே என்று தேடினால், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் உட்கார்ந்திருப்பான். சுருட்டி வைத்த மெத்தைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். வீட்டிலிருக்கிற தலையணை எல்லாவற்றையும் மேலே அடுக்கிக்கொள்கிற பிள்ளை உண்டு. தூக்கத்தில் அம்மாவின் தொடைக்கு அடியில் காலைச் செருகிக்கொள்கிற பிள்ளை உண்டு. அதே பிள்ளை, சித்தி ஆசையாகக் கன்னத்தைத் தடவினால் சூடு பட்ட மாதிரி விலகும். சட்டைக் கழுத்தில் இருக்கிற லேபிளைப் பிய்த்துப் போடும். முடிவெட்டுகிற கடை வாசலைப் பார்த்ததுமே அழும். "தொட்டா ஆகாது, ஆனா இடுக்குல போயி நசுங்கிக்கிட்டுக் கெடக்கான், என்ன பிள்ளையோ" என்று பாட்டிகள் அலுத்துக்கொள்வார்கள்.

பாட்டிக்கு இது முரணாகப் படுகிறது. உடம்புக்கு இதில் முரண் இல்லை. லேசான தீண்டல் நம்மை உஷார்ப்படுத்தும். கழுத்தில் எறும்பு ஊர்ந்தால் ஆழ்ந்த தூக்கத்திலும் கை அங்கே போய்விடுகிறது, இல்லையா? தோலை அழுத்தி, தசையும் மூட்டும் உணரும்படி வருகிற அழுத்தம் வேறு வகைச் சேதி. 'உன் உடம்பு இங்கே இருக்கிறது, இதுதான் அதன் எல்லை' என்கிற சேதி அது. பெரும்பாலோருக்கு அது ஓர் அமைதியைத் தருகிறது. எங்கள் தொழிலில் ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1972-இல் எழுதிய நூலிலிருந்து இந்தப் புலனுணர்வுப் பேச்சு பரவலாயிற்று. மருத்துவக் கையேட்டில் அது ஏறுவதற்கு இன்னும் நாற்பது ஆண்டு பிடித்தது. ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை அளவுக்கு மீறியோ குறைந்தோ உணர்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றென்று 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 கையேடுதான் முறையாகச் சேர்த்தது. அம்மாக்களுக்கு அது குழந்தையின் முதல் வருஷத்திலேயே தெரிந்திருக்கும்.

ஆழ்ந்த அழுத்தம் என்று இன்று எல்லோரும் பேசுவதற்குக் காரணமானவர்களில் முக்கியமானவர் டெம்பிள் கிராண்டின். 1947-இல் பாஸ்டனில் பிறந்தவர், ஆட்டிசம் உள்ளவர். நாலு வயதை நெருங்கும் வரை பேச்சு வரவில்லை. பின்னாளில் கால்நடை அறிவியலில் பேராசிரியரானார். அம்மா கட்டிப்பிடித்தால் திமிறி ஓடிய குழந்தை அவர். ஆனால் அழுத்தம் வேண்டும் என்ற தவிப்பு மட்டும் உள்ளே இருந்துகொண்டே இருந்தது என்று தானே எழுதியிருக்கிறார்.

பதின்ம வயதில் ஒரு கோடை விடுமுறைக்கு அரிசோனாவில் இருந்த அத்தையின் பண்ணைக்குப் போனார். அங்கே தடுப்பூசி போடுவதற்காக மாடுகளை ஒவ்வொன்றாக ஒரு கிட்டிக்குள் ஓட்டுவார்கள். இரண்டு பக்கமும் உள்ள தடுப்புகள் நெருங்கி வந்து மாட்டின் விலாவை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மிரண்டுகொண்டே உள்ளே போன மாடுகளில் சில, அந்தப் பிடியில் அடங்கி நிற்பதை அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நாட்களில் அவருக்குப் பதற்றம் வந்தால் நாள்கணக்கில் தணியாது. அத்தையிடம் கேட்டு, தானே அந்தக் கிட்டிக்குள் போய் நின்றார். தடுப்புகள் அழுத்தின. பதற்றம் இறங்கியது.

ஊருக்குத் திரும்பியதும் பள்ளியிலேயே ஒட்டுப்பலகையை வைத்துத் தனக்கென்று ஒரு கிட்டி செய்துகொண்டார். பள்ளியின் உளவியலாளருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பிடுங்கிவிடத்தான் பார்த்தார்கள். வில்லியம் கார்லாக் என்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்தான், அது ஏன் உன்னை அமைதிப்படுத்துகிறது என்று ஆராய்ந்து பார் என்று அந்தப் பெண்ணை நூலகத்தின் பக்கம் திருப்பிவிட்டார். இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நிற்பேன். பிள்ளை வினோதமாக ஒன்றைச் செய்கிறது. ஒருவர் தடுக்கப் பார்க்கிறார், இன்னொருவர் 'ஏன்' என்று கேட்கிறார். நாம் பிடுங்கிப் போட்ட தலையணைக் குவியல்கள் எத்தனை என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு அந்த இயந்திரம் மெருகேறியது. இரண்டு பக்கமும் மெத்தை வைத்த சாய்ந்த பலகைகள், அழுத்தம் கொடுக்கக் காற்றழுத்தி. எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதை முடிவு செய்கிற நெம்புகோல், உள்ளே படுத்திருப்பவர் கையில். 1992-இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு சின்ன விஷயம் வரும். இயந்திரத்தைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் வீட்டுப் பூனையை மெதுவாகத் தடவத் தெரிந்ததாம். அதுவரை இறுக்கிப் பிடிப்பார், பூனை ஓடிவிடும். தனக்கு இதமான அழுத்தம் எதுவென்று தெரிந்த பிறகு அடுத்த உயிருக்கு எது இதம் என்பதும் புரிந்திருக்கிறது. அந்தக் கட்டுரையில் உள்ள மற்ற எதையும்விட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2010-இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், இயந்திரம் இரண்டு வருஷத்துக்கு முன்பே பழுதாகிவிட்டது, சரிசெய்யவே இல்லை, இப்போது மனிதர்களைக் கட்டிப்பிடிக்கப் பழகிவிட்டேன் என்று சொன்னார்.

அந்த இயந்திரத்தை 1999-இல் ஆட்டிசம் உள்ள 12 பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு உண்மையான அழுத்தம். மீதிப் பேர் அதே இயந்திரத்துக்குள் அழுத்தம் இல்லாமல் படுத்திருந்தார்கள். அழுத்தம் கிடைத்தவர்களிடம் இறுக்கம் குறைந்தது. பன்னிரண்டே பேர் என்பதால் அதை ஒரு தொடக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

இதே அழுத்தத்தை வைத்து இன்னொரு காரியமும் நடந்தது. அதைச் சொல்லாமல் போனால் கதை பாதிதான். 1980-களில் அமெரிக்காவில் மார்த்தா வெல்ச் என்ற மனநல மருத்துவர், பிள்ளையை அம்மா மடியில் இறுக்கிப் பிடித்து, அது கத்தினாலும் உதைத்தாலும் அடங்கும் வரை விடாமல் வைத்திருக்கிற சிகிச்சை ஒன்றைப் பரப்பினார். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசு பெற்ற நிக்கோ டின்பெர்கனும் அவர் மனைவியும் 1983-இல் எழுதிய நூலில் அதை ஆதரித்தார்கள். நோபல் பரிசு வாங்கியவர் சொன்னால் யார் மறுப்பது? எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பிடியில் அழுது ஓய்ந்தார்கள். ஓய்ந்ததை அமைதி என்று எழுதிக்கொண்டார்கள். ஆட்டிசத்தை அது மாற்றியதற்கு ஆதாரம் எதுவும் தேறவில்லை. கிராண்டினுக்குக் கிடைத்ததும் அழுத்தம், அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததும் அழுத்தம். நெம்புகோல் இருந்த கை வேறு.

சரி, போர்வைக்கு வருவோம்.

இந்தப் போர்வை விஷயத்தில் எனக்குத் தெரிந்த மிகக் கறாரான ஆய்வு இங்கிலாந்தில் நடந்தது. லண்டன் எவெலினா குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த பால் கிரிங்ராஸும் குழுவினரும் செய்து 2014-இல் வெளியிட்டது. ஆட்டிசமும் கடுமையான தூக்கப் பிரச்சினையும் உள்ள, 5 வயதிலிருந்து 16 வயது வரையிலான பிள்ளைகள். 67 பேரின் கணக்கு கிடைத்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏறக்குறைய இரண்டு வாரம் எடைப் போர்வை, இரண்டு வாரம் அதே மாதிரி இருக்கிற எடையில்லாப் போர்வை. ஒன்றுக்குள் எஃகுக் குருணை, மற்றதில் பிளாஸ்டிக் மணி. சிறிய அளவு 2.25 கிலோ, பெரியது 4.5 கிலோ. தூக்கத்தை அம்மா சொல்லை மட்டும் நம்பிக் கணக்கிடவில்லை. கையில் கடிகாரம் போலக் கட்டுகிற ஆக்டிகிராஃப் கருவி அசைவைப் பதிவு செய்து தூக்கத்தை அளந்தது.

முடிவு? மொத்தத் தூக்க நேரம் கூடவில்லை. சீக்கிரம் கண்ணயரவும் இல்லை. நடுவில் விழிப்பதும் குறையவில்லை. எந்தப் போர்வையானாலும் கருவிக்கு ஒரே தூக்கம்தான்.

இங்கே எழுந்து போய்விடாதீர்கள். எது பிடித்திருந்தது என்று கேட்டபோது பிள்ளைகளும் பெற்றோரும் எடைப் போர்வையைத்தான் சொன்னார்கள். இந்த இரண்டாவது முடிவைக் கடைக்காரர்கள் பெரிய எழுத்தில் போடுகிறார்கள், முதல் முடிவை விட்டுவிடுகிறார்கள். சில மருத்துவர்கள் முதல் முடிவைச் சொல்லி, 'இதெல்லாம் வீண்' என்று போர்வையையே ஒதுக்குகிறார்கள். இரண்டு பேரும் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள். பேசத் தெரியாத, விருப்பத்தைச் சொல்ல வழி தெரியாத ஒரு பிள்ளைக்குப் படுக்கையில் பிடித்த பொருள் ஒன்று கிடைப்பது சின்ன விஷயமா? அது தூக்க மாத்திரை இல்லை, அவ்வளவுதான். அமெரிக்க நரம்பியல் அகாடமி 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஆட்டிசப் பிள்ளைகளின் தூக்கத்துக்காக இந்தப் போர்வையை வழக்கமாகப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்றே சொல்கிறது.

பெரியவர்களிடம் சித்திரம் சற்று வேறு. ஸ்வீடனில் எடைப் போர்வையை ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் உதவிக் கருவியாக எழுதிக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அங்கே 2020-இல் வந்த ஆய்வில், மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு, ஏ.டி.எச்.டி. போன்றவற்றோடு தூக்கமின்மையும் உள்ள 120 பெரியவர்கள் நாலு வாரம் கலந்துகொண்டார்கள். உலோகச் சங்கிலி கோத்த 6 முதல் 8 கிலோ போர்வை பெற்றவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது, 1.5 கிலோ பிளாஸ்டிக் சங்கிலிப் போர்வை பெற்றவர்களுக்கு மிகக் குறைவு. ஆனால் அவர்கள் ஆட்டிசத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. பலனை முக்கியமாக அளந்ததும் அவர்களே நிரப்பிய வினாத்தாள்தான். தவிர, மேலே கிடப்பது எட்டுக் கிலோவா ஒன்றரைக் கிலோவா என்பது யாருக்குத் தெரியாமல் போகும்? மருந்தில் போலி மாத்திரை கொடுத்துச் சோதிக்கலாம், எடையில் போலி செய்வது கஷ்டம். உப்சாலா பல்கலைக்கழகத்தில் 26 ஆரோக்கியமான இளைஞர்களிடம் செய்த இன்னொரு சோதனையில், எடைப் போர்வை போர்த்திய இரவு உமிழ்நீரில் தூக்க ஹார்மோனான மெலடோனின் சுமார் 30 சதவீதம் அதிகம் இருந்தது. தூங்கிய நேரமோ அவர்களிடமும் கூடவில்லை.

இனி நான் குரலைக் கொஞ்சம் கடுமையாக்கப் போகிறேன்.

2008-இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில், பள்ளியில், ஆட்டிசம் உள்ள ஒன்பது வயதுப் பையன் ஒருவன் எடைப் போர்வைக்குள் சுற்றப்பட்ட நிலையில் இறந்துபோனான். அவனை அமைதிப்படுத்தத்தான் சுற்றினார்கள். அவனால் அதிலிருந்து வெளியே வர முடியவில்லை. 2022-இல் அமெரிக்காவில் நாலு வயதும் ஆறு வயதுமான இரண்டு சிறுமிகள் எடைப் போர்வையின் ஜிப்பைத் திறந்து உறைக்குள் புகுந்து, வெளியே வர வழியில்லாமல் மூச்சுத் திணறி இறந்தார்கள். விற்ற நிறுவனம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட போர்வைகளைத் திரும்பப் பெற்றது. கைக்குழந்தைகள் மேலும் அருகிலும் எடை வைத்த போர்வையோ உடையோ கூடவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி அதே ஆண்டு அறிவுறுத்தியது.

அந்த அறிவுறுத்தல் நமக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். அங்கே பிள்ளைக்குத் தனி அறை, தனிக் கட்டில். நாம் ஹாலில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கிற ஜனங்கள். அண்ணன் போர்வையை உதறினால் அது பக்கத்தில் படுத்திருக்கிற ஆறு மாதத் தங்கச்சி மேல் விழும். கைக்குழந்தை இருக்கிற வரிசையில் இந்தப் போர்வை வேண்டாம். வலிப்பு உள்ள பிள்ளைக்கும், ஆஸ்துமாவோ மூச்சு தொடர்பான வேறு சிரமமோ உள்ள பிள்ளைக்கும், கை கால் பலமில்லாத பிள்ளைக்கும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். முகத்தை மூடக் கூடாது. படுக்கைக்கு அடியில் செருகக் கூடாது. சுற்றவே கூடாது. தண்டனையாகவோ, அடம்பிடிக்கும்போது அடக்குவதற்கோ ஒருநாளும் எடுக்காதீர்கள். பகலில் ஒருமுறை விளையாட்டாகப் போர்த்திவிட்டு, 'வெளிய வா பாப்போம்' என்று சொல்லிப் பாருங்கள். தானாக, சிரமமில்லாமல் வெளியே வரத் தெரியாத பிள்ளைக்கு அந்தப் போர்வை கிடையாது. எவ்வளவு பிடித்திருந்தாலும் கிடையாது.

எங்களிடம் வந்துகொண்டிருந்த ஒரு சிறுமி, பேச்சு வராது, போர்வையைப் போட்ட உடனே காலால் தள்ளுவாள். வீட்டில் மறுபடி போடுவார்கள், மறுபடி தள்ளுவாள். 'பழகிடும்னு சொன்னாங்க' என்றார் அவள் அப்பா. அவளுக்குப் பழகவில்லை. கொஞ்ச நாளில் படுக்கையறைப் பக்கமே வர மறுத்தாள். தள்ளுவது அவளுடைய பேச்சு. அதைக் கேட்டு போர்வையை எடுத்து மடித்து வைத்துவிட்டோம். அதன் பிறகு அவளைப் படுக்கையறைக்கு வரவைப்பதே தனி வேலையாகிப் போயிற்று.

இப்போது கிலோ கணக்கு. பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று எங்கும் எழுதியிருக்கும். இது எங்கள் தொழிலில் கைப்பழக்கமாக வந்த கணக்கு. ஆய்வு செய்து கண்டுபிடித்த எண் இல்லை. இருந்தாலும் உச்சவரம்பாக வைத்துக்கொள்ள நல்லது. தேநீர் நேரத்தில் கேட்ட அப்பா, உங்கள் பையன் 26 கிலோ என்றீர்கள். அப்படியானால் 2.5 கிலோ, அதற்கு மேல் வேண்டாம். திரையில் இருந்த 5 கிலோவும் 7 கிலோவும் பெரியவர்களுக்கு. 'வளரும்போது உதவும்' என்று சட்டை எடுக்கிற மாதிரி இதைப் பெரிதாக எடுக்காதீர்கள்.

கடையில் வாங்காமல் தைத்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் தலையணை உறை, திரைச்சீலை தைக்கிற ஓர் அண்ணன் இருக்கிறார். முதல் போர்வைக்கு அவரோடு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். 60 அங்குல நீளம், 40 அங்குல அகலம், நெருக்கமான நெசவுள்ள பருத்தித் துணி. நாலு அங்குலக் கட்டமாகப் பிரித்தால் 150 கட்டம். ஒரு கட்டத்துக்கு 16 கிராம் போட்டால் 2.4 கிலோ வந்துவிடும். உள்ளே போடுவது மணல் மாதிரி இருக்கிற பொடிக் கண்ணாடி மணி. முதலில் நீளவாக்கில் பத்துக் குழாய்களாகத் தைத்து அடியை மூடிவிட வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் ஓர் அளவு மணி போட்டு, குறுக்கே ஒரு தையல். மறுபடி ஓர் அளவு, மறுபடி குறுக்குத் தையல். தராசில் நிறுத்து நிறுத்துக் கை ஓய்ந்த அண்ணன், இருமல் மருந்து பாட்டில் மூடியை எடுத்தார். 10 மில்லி கோடு வரை அள்ளினால் கிட்டத்தட்ட 16 கிராம். வேலை பறந்தது. ஒரே தொல்லை, குறுக்குத் தையலில் ஒரு மணி நகர்ந்து ஊசிக்கு அடியில் மாட்டினால் ஊசி முறியும். "மேடம், கூலியோட ஊசிக் காசும் சேத்துக்கங்க" என்றார். நியாயம்தான். தையல் எல்லாம் இரட்டை ஓட்டம், ஜிப் கிடையாது. துணியைக் கடித்து மெல்லுகிற பழக்கமுள்ள பிள்ளைக்கு மணி வைத்த போர்வையே வேண்டாம். அரிசியும் உளுந்தும் போட்டுத் தைத்தவர்கள் உண்டு. முதல் மழைக்காலத்தில் வண்டு வந்துவிடும்.

ஆனால் தைப்பதற்கு முன் வெயிலை யோசியுங்கள். நான் சொன்ன ஆய்வுகள் இங்கிலாந்திலும் ஸ்வீடனிலும் நடந்தவை. சித்திரை மாதம், மின்வெட்டு, விசிறி நின்றுபோன இரவு. இதில் இரண்டரைக் கிலோ துணியா? வியர்த்து நனைந்த பிள்ளை எப்படித் தூங்கும்? நம் ஊரில் பாதி வருஷம் இந்தப் போர்வை அலமாரியில்தான் இருக்கும். அதனால் எடையில்லாத அழுத்தத்தைத்தான் நான் முதலில் சொல்லுவேன். திருப்பூர்ப் பக்கம் பின்னலாடைத் துணி விற்கிற கடைகளில் லைக்ரா கிடைக்கும். மெத்தையைச் சுற்றி இறுக்கமாக வருகிற மாதிரி, இரண்டு முனையும் திறந்த உறையாகத் தைத்துவிட்டால், பிள்ளை மெத்தைக்கும் துணிக்கும் நடுவில் நுழைந்து படுத்துக்கொள்ளும். தோளுக்குக் கீழே நிற்க வேண்டும், கழுத்துப் பக்கம் வரக் கூடாது. காற்று போகும், அழுத்தமும் இருக்கும். எல்லோருக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன், ஒத்துவருகிற பிள்ளை அதற்குள் சுகமாகக் கிடக்கும்.

அப்புறம் தூளி. ஆறு ஏழு வயதாகியும் அம்மாவின் பழைய சேலையில் தூளி கட்டச் சொல்லி அடம்பிடிக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். சேலை நாலா பக்கமும் உடம்பை ஒட்டிப் பிடிக்கிறது, கூடவே ஆட்டம். "இவ்ளோ பெரிய பையனுக்கு என்ன தூளி" என்று பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கொக்கி பிள்ளையின் எடையைத் தாங்குமா என்று பாருங்கள். படுக்கப் போகுமுன் கொஞ்ச நேரம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். தூங்கியதும் பாய்க்கு மாற்றிவிடுங்கள். தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள், துணி கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

இன்னொன்று காசே ஆகாதது. தாத்தாவுக்குக் கால் அமுக்கி விடுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டல்லவா? அதையே பிள்ளைக்குச் செய்யுங்கள். தடவ வேண்டாம், உள்ளங்கையை முழுசாக வைத்து, பாதத்திலிருந்து தொடை வரை அழுத்தி அழுத்தி எடுங்கள். நடுநடுவே நிறுத்தி, 'இன்னும் வேணுமா, போதுமா?' என்று கேளுங்கள். பேசாத பிள்ளைக்கு இரண்டு படம் காட்டுங்கள், ஒன்றைத் தொடட்டும். அதுவும் முடியாத பிள்ளை, கை எடுத்ததும் காலை உங்கள் பக்கம் நீட்டுகிறதா, இழுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். கேட்காமல் அமுக்கினால் அது இன்னொரு தெரபி ஆகிவிடும். நம் பிள்ளைகளுக்குத் தெரபி ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது.

தொடர்ச்சியான அழுத்தத்துக்குத் தோல் சீக்கிரம் பழகிவிடும். காலையில் கட்டிய கடிகாரம் பத்தரை மணிக்கு நினைவில் இருப்பதில்லை. ஆகவே போர்வையை ராத்திரி முழுக்கப் போர்த்தி வைக்க வேண்டியதில்லை. கண்ணயரும் வரை இருக்கட்டும். அப்புறம் நீங்கள் படுக்கப் போகும்போது எடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் சொன்னேனே தவிர, தூக்கமே வராத பிள்ளைக்குப் போர்வையை முதல் வைத்தியமாக எடுக்காதீர்கள். ஆட்டிசப் பிள்ளைகளில் பாதிக்கும் மேலானவர்களுக்குத் தூக்கச் சிக்கல் இருக்கிறது, காரணம் ஒன்றே இல்லை. குறட்டை விடுகிறானா? அடினாய்டு இருக்கலாம். ராத்திரி பூரா காலை உதைத்துக்கொண்டே இருக்கிறாளா? இரும்புச் சத்து குறைந்திருக்கலாம், ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள். மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், பல்வலி, இரவில் வருகிற வலிப்பு என்று எதுவும் பேசாத பிள்ளையிடம் வெளியே விழிப்பாகத்தான் தெரியும். மருத்துவர் இவற்றைப் பார்த்து முடித்த பிறகு, தினமும் ஒரே நேரத்தில் ஒரே வரிசையில் படுக்கப் போவது, டிவியையும் கைபேசியையும் முன்னதாகவே அணைப்பது போன்ற வீட்டுப் பழக்கங்கள். அவையும் போதாதபோது மெலடோனின், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். அந்த நரம்பியல் அகாடமி சொல்கிற வரிசையும் இதுதான். வாட்ஸாப் குழுவில் யாரோ சொன்ன மில்லிகிராமைக் கொடுக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு போர்வையைப் போட்டுப் பார்க்க நினைக்கிறவர்கள், உடனே காசு போடாதீர்கள். எங்கள் மையத்தில் அந்த அண்ணன் தைத்த போர்வைகள் இருக்கின்றன, இரவல் தருகிறோம். இரண்டு வாரத்துக்கு எடுத்துப் போங்கள். ஒரு நோட்டில் இரண்டே விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினான் என்பது ஒன்று, போர்வையை அவனாக எடுத்தானா, நீங்கள் எடுத்துக் கொடுத்தீர்களா என்பது இன்னொன்று. முதல் விஷயத்தில் மாற்றமே இல்லாமல் போகலாம். இரண்டாவதில் 'அவனாக' என்ற சொல் அடிக்கடி வந்தால் சொந்தமாக ஒன்று தைத்துக்கொள்ளுங்கள், அளவும் டெய்லர் விலாசமும் தருகிறேன். வரவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். துவைத்துத் தந்தால் போதும். மெஷினில் போடாதீர்கள். வாளியில் அலசி, கொடியில் தொங்கவிடாமல் மொட்டை மாடியில் விரித்துப் போடுங்கள். நல்ல வெயில் என்றால் மறுநாள் மாலைக்குள் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தாமதமாகக் கொண்டு வாருங்கள்.